அங்கீகரிக்கப்பட்ட தட்டு

வீட்டு முயல் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பதைக் கவனித்துக்கொள்ள ஓர் அரசாங்கத் துறை இருக்கும் விஷயம், அது வந்து கதவைத் தட்டும்வரை லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியாது. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் அவர் எத்தனையோ துறைகளைத் தேடி அலைந்திருக்கிறார். ஒன்றுகூட அவரைத் தேடி வந்ததில்லை. இது ஒன்றுதான் தானாக வந்தது, அதுவும் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தது.

வந்தவர் தன்னை ஒழுக்க ஆய்வாளர் என்று சொல்லிக்கொண்டார். மெக்கானிக் பயந்துபோய்த் தன் வாழ்க்கையை ஒருமுறை அவசரமாகப் புரட்டிப் பார்த்தார். முயல்களின் ஒழுக்கம் என்று தெரிந்தபிறகுதான் மூச்சு வந்தது. அடுக்குமாடி வீட்டில் இருக்கும் முயல் மலஜலமெல்லாம் தட்டில்தான் போகிறது என்று துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டுமாம். வாங்காத முயலைத் துறையே கொண்டுபோய் மத்தியப் பயிற்சிக் கூடத்தில் வைத்துத் திருத்துமாம். திருந்திய பிறகு திருப்பித் தருவீர்களா என்று மெக்கானிக் கேட்டார். இதுவரை ஒன்றும் திருந்தவில்லை என்று ஆய்வாளர் வருத்தத்தோடு சொன்னார்.

முயல் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் வீட்டில் அக்கா இருந்தாள்.

அக்கா தொலைபேசி நிலையத்தில் பேசிப் பேசியே சம்பாதித்தவள். யார் யாரையோ யார் யாரோடோ இணைத்துவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் பேச்சு மிச்சம் வைத்திருப்பாள். ஒரு நாள் புது மேனேஜர் வந்து, இனி இந்த வேலையை இயந்திரமே செய்துகொள்ளும் என்று சொல்லி அவளுடைய நாற்காலியை எடுத்துவிட்டார். அன்றைக்கு வாயை மூடியவள்தான். கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள், சில நாள் அதுவும் கிடையாது. டாக்டர் பார்த்தார். சொந்தக்காரர்கள் வந்து புத்தி சொல்லி, சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில் யாரோ வேண்டாம் என்று தள்ளிவிட்ட இரண்டு முயல்களை மெக்கானிக் கூடையில் போட்டுத் தூக்கிவந்தார். கூடையைத் திறந்ததும் ஆண் முயல் நேரே சோபாவில் ஏறி நின்று சாவகாசமாக நனைத்தது. அக்கா எழுந்தாள்.

"சோபால போகாத சனியனே," என்றாள்.

அரை வருடத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். மெக்கானிக் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு அவள் வாய் ஓயவில்லை. ஆண் முயலுக்கு மேனேஜர் என்று பேர் வைத்தாள். நாற்காலிக் கால், செருப்பு, கதவு என்று கண்ணில் பட்டதிலெல்லாம் தாடையைத் தேய்த்துத் தன் வாசனையை வைத்துவிட்டு, எல்லாம் எனக்குத்தான் என்று சுற்றிவந்ததால் அந்தப் பேர். பெண் முயல் பரம சாது. அதற்குப் பஞ்சு என்று பேர். மேனேஜர் வாசலோரம் வரிசையாகப் புழுக்கை போட்டு எல்லை கட்டுவான். அக்கா அதைப் பொறுக்கி ட்ரேயில் போட்டு, இதுக்கு இதுதான்டா இடம் என்று காட்டுவாள். நனைத்த இடத்தை வினிகரால் துடைப்பாள். ட்ரேயைத் தனக்குப் பிடித்த மூலையில் வைத்துப் பார்த்துத் தோற்று, அவன் அடம்பிடித்த மூலைக்கே கொண்டுபோய் வைத்தாள். தின்றுகொண்டே போகிற பிறவி என்பதால் ட்ரேயின் ஒரு பக்கம் காய்ந்த புல்லை அள்ளி வைத்தாள். கால்நடை டாக்டர் சின்னதாக ஓர் ஆபரேஷன் செய்தபிறகு மேனேஜரின் மண்ணாசை முக்கால்வாசி தணிந்தது. மிச்சத்தை அக்கா பேசியே தணித்தாள். மழைக்காலம் முடிவதற்குள் இரண்டும் ட்ரேயைத் தவிர வேறெங்கும் போவதில்லை என்று ஆயிற்று. என் தம்பியைவிட இதுங்க சுத்தம் என்று வருகிறவர்களிடமெல்லாம் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகவே பரிசோதனை என்றதும் அவள் துணிச்சலாகத் தன் ட்ரேயை முன்னால் நகர்த்தினாள். ஆய்வாளர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் பையைத் திறந்தார். முதலில் நாற்றம் வந்தது, பிறகு நான்கு மூலையிலும் முத்திரை குத்திய நீலத் தட்டு ஒன்று வந்தது.

"இது அங்கீகரிக்கப்பட்ட தட்டு. இதுல போனாத்தான் கணக்கு," என்றார்.

"அதுங்களுக்கு எங்க ட்ரேலதான் பழக்கம்," என்றாள் அக்கா.

"அதனாலதாம்மா அது செல்லாது. பழக்கத்துல செய்யறதெல்லாம் ஒழுக்கம் ஆயிடுமா? ஆபீஸ்ல நான்கூட எல்லாத்தையும் பழக்கத்துலதான் செய்யறேன். அதை யாராவது ஒழுக்கம்னு சொல்வாங்களா?"

தட்டைக் கழுவியாவது வைக்கலாமே என்று மெக்கானிக் மெல்லச் சொல்லிப் பார்த்தார். ஆய்வாளர் ஆடிப்போனார். ஊரில் உள்ள அத்தனை முயல்களும் பரிசோதனை கொடுத்த தட்டு அது, கழுவினால் துறையின் வரலாறே சாக்கடையில் போய்விடும் என்றார். மெக்கானிக் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

மேனேஜர் வந்து தட்டை முகர்ந்தான். காதுகள் விறைத்து நின்றன. ஊர் முயல்கள் எல்லாம் மூட்டை முடிச்சோடு தன் வீட்டில் குடியேறிவிட்டதாக நினைத்திருப்பான். பின்னங்காலால் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்துவிட்டு, சோபா, திரைச்சீலை, ஆய்வாளரின் கால்சட்டை என்று வரிசையாக நனைத்துக்கொண்டே போனான். வாசலில் அழகாக ஓர் எல்லையும் போட்டான். பரம சாதுவான பஞ்சுகூட அக்காவின் தலையணையில் ஏறித் தன் பங்கைச் செலுத்தியது. நீலத் தட்டு மட்டும் காய்ந்துகிடந்தது.

ஊர் முயல் வாசனை பட்டால் அது தன் இடத்தைக் காப்பாற்றத்தான் பார்க்கும், தட்டை வெளியே எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அக்கா எவ்வளவோ சொன்னாள். ஆய்வாளர் கால்சட்டையை உதறிக்கொண்டு, மனநிறைவோடு சிரித்தார்.

"என் சர்வீஸ்ல ஒரு முயல்கூடத் தேறினது இல்லம்மா. எல்லா வீட்டுலயும் நாங்க வரதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஒரே பொய்யைச் சொல்றாங்க. ஊரு இவ்வளவு கெட்டுக் கிடக்கு. நாங்களும் வரலைன்னா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

மறுநாள் திடப் பிரிவிலிருந்து ஒருவரும் திரவப் பிரிவிலிருந்து ஒருவரும் வந்தார்கள். புழுக்கை முன்னவருக்கு, ஈரம் பின்னவருக்கு. சோபாவில் இரண்டும் இருந்ததால் சோபா யாருக்கு என்று தகராறு வந்தது. ஒருவர் தன் பங்கைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார். மற்றவர் அதன்மேல் பச்சை நாடா கட்டினார். கடைசியில் சோபாவே தெரியவில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு போன கையோடு எல்லைப் பிரிவு அதிகாரி அளவு நாடாவோடு வந்து சேர்ந்தார். வாசலில் மேனேஜர் போட்டிருந்த புழுக்கை வரிசையைக் குனிந்து அளந்தார். வரிசை நேராக இருக்கிறது என்று பாராட்டினார். முயல் எல்லை போட்டது குற்றம், ஆனால் போட்ட எல்லை செல்லும் என்று விளக்கினார்.

"எல்லைக்குள்ள யார் இருக்காங்களோ அவங்க முடிவுதான் முடிவு. இனிமே சமையலறைக்குப் போகணும்னா அவரைக் கேட்டுட்டுப் போங்க," என்றார்.

யாரை என்று மெக்கானிக் கேட்டார். அதிகாரி மரியாதையாகக் கையை நீட்டி மேனேஜரைக் காட்டினார். மெக்கானிக்குக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் அன்றைக்குத் தேநீர் போடப் போகும்போது மேனேஜரைப் பார்த்து ஒருமுறை தலையசைத்துவிட்டுத்தான் போனார்.

அதற்குள் உத்தரவு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடுவதற்குள் இயக்குநரிடம் மேல்முறையீடு செய்து வெற்றி பெறாவிட்டால், முயல்கள் இரண்டும் அன்றே பயிற்சிக் கூடத்துக்குப் போக வேண்டும். அக்கா அதைப் படித்தாள், மடித்தாள், மேசைமேல் வைத்தாள். திட்டுவாள் என்று மெக்கானிக் காத்திருந்தார். அவள் திட்டவில்லை. மேனேஜர் நாடாவைக் கடித்து இழுத்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடலாமா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை அவருக்கு நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை முயல்களைக் கூடையில் வைத்து, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அக்காவையும் அழைத்துக்கொண்டு அவர் துறை அலுவலகத்துக்குப் போனார். லிஃப்ட் ஓடவில்லை. திடப் பிரிவு அது தன்னுடையது என்று ஒரு பூட்டும், திரவப் பிரிவு தன்னுடையது என்று ஒரு பூட்டும் போட்டிருந்தன. உள்ளே பல வருடமாக ஒருவரும் கால் வைத்ததில்லை என்று பியூன் பெருமையாகச் சொன்னார். மெக்கானிக்குக்குக் கை அரித்தது. அடக்கிக்கொண்டு படியேறினார்.

மேலே போகப் போக அவருக்கு ஏதோ பழகிய இடத்துக்கு வந்ததுபோல் இருந்தது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு துண்டு போட்டிருந்தது. ஒவ்வொரு தேநீர்க் கோப்பையிலும் பேர் எழுதி, காதில் சின்னப் பூட்டு தொங்கியது. மேசைக்கும் மேசைக்கும் நடுவே தரையில் சுண்ணக்கட்டிக் கோடு இருந்தது. ஒருவருடைய பென்சில் கோட்டைத் தாண்டி உருண்டபோது, பக்கத்து மேசைக்காரர் காலால் தரையை ஓங்கி மிதித்தார். கூடைக்குள் மேனேஜர் பதிலுக்கு ஒரு மிதி மிதித்தான்.

இயக்குநர் அறையில் ஒரு நாற்காலியும் இரண்டு இயக்குநர்களும் இருந்தார்கள். பழைய இயக்குநருக்கு மாற்றல் வந்துவிட்டது, அதற்குத் தடையும் வந்துவிட்டது. புது இயக்குநர் அதற்கு நடுவில் வந்து பொறுப்பேற்றுவிட்டார். எழுந்தால் போச்சு என்று இருவரும் ஆளுக்குப் பாதி நாற்காலியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். பழையவர் சாய்மானத்தில் துண்டைப் போட்டார். புதியவர் அதன்மேல் தன் துண்டைப் போட்டார். பழையவர் பேர்ப் பலகையை வைத்தார். புதியவர் தன்னுடையதை அதற்கு முன்னால் வைத்தார். பழையவர் மேசையிலிருந்த கோப்பு, மணி, தண்ணீர்ச் செம்பு எல்லாவற்றிலும் தன் முத்திரையைக் குத்தினார். புதியவர் சென்ட் புட்டியை எடுத்து அறை முழுவதும் பீய்ச்சினார்.

ஆய்வாளர் வழக்கை எடுத்துச் சொன்னதும் பழைய இயக்குநர் தொண்டையைக் கனைத்தார்.

"நான் பதவிக்காக இந்த நாற்காலியில உட்காரலை. ஒரு இடத்துல வாசனையை வெச்சுட்டு, இது என் இடம், நகரமாட்டேன்னு சொல்ற அந்த மிருக புத்தியை ஒழிக்கணும். அதை ஒழிக்கற வரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்."

"அதையேதான் நானும் சொல்றேன். நீங்க கொஞ்சம் தள்ளி உட்காருங்க," என்றார் புது இயக்குநர்.

இயக்குநர் ஒருவராக இருந்தால்தான் உத்தரவு போட முடியும். இருவரில் யார் என்று முடிவாகாவிட்டால் முயல்கள் பயிற்சிக் கூடத்துக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்று ஆய்வாளர் மெக்கானிக்கின் காதில் ஆறுதலாகச் சொன்னார். வாசலில் பயிற்சிக் கூடத்து வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. மெக்கானிக் அக்காவைப் பார்த்தார். அக்கா இயக்குநர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது.

"புது ஆள் வாசனை பட்டிருக்கு. அதான் ரெண்டும் இந்த ஆட்டம் ஆடுது," என்றாள். "இதுங்களை ஒருத்தர் இடத்துலயே அடைச்சு வெச்சா சண்டை தீராது. ரெண்டு பேருக்கும் பழக்கமில்லாத இடமா பார்த்து விடணும். நடுவுல தீனி வைக்கணும். பக்கத்துல பக்கத்துல நின்னு தின்ன ஆரம்பிச்சா அடங்கிடும்."

ஆய்வாளர் விதிகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, இதற்குத் தடை எதுவும் இல்லை என்றார். யாருக்கும் பழக்கமில்லாத இடம் இந்தக் கட்டடத்தில் ஒன்றுதான் இருக்கிறது என்று பியூன் சொன்னார்.

மெக்கானிக் கருவிப் பையைத் திறந்தார். இரு பிரிவுக்காரர்களும் அவரவர் பூட்டை அவரவரே திறந்துகொண்டார்கள். திறந்த லிஃப்டை இயக்குநர்தான் முதலில் பார்வையிட வேண்டும் என்று பியூன் சொன்னதும் பழைய இயக்குநர் எழுந்து போனார், அதுவும் அவருடையதாகிவிடும் என்று புதியவர் பின்னாலேயே ஓடினார். உள்ளே தரையில் ஒரு தட்டு பிஸ்கட் வைத்தாள் அக்கா. மெக்கானிக் லிஃப்டை ஓடவிட்டு, இரண்டு மாடிகளுக்கு நடுவே பதமாக நிறுத்தினார். உள்ளே முதலில் மிதிக்கும் சத்தம் கேட்டது. வெகு நேரம் கழித்து பிஸ்கட் கடிக்கும் சத்தம் கேட்டது.

மற்றவர்கள் அறைக்குத் திரும்பியபோது கூடை கவிழ்ந்துகிடந்தது.

இரண்டு அந்நியர்களின் துண்டும் முத்திரையும் சென்ட்டும் நிறைந்த அறையில் மேனேஜர் செய்ய வேண்டியதைச் செய்திருந்தான். இரு துண்டுகளையும் பாரபட்சமின்றி நனைத்திருந்தான். பேர்ப் பலகைகள், மணி, செம்பு எல்லாவற்றிலும் தாடையைத் தேய்த்திருந்தான். வாசலில் சுவருக்குச் சுவர் நேராக ஓர் எல்லை போட்டுவிட்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தான். பஞ்சு மேசையடியில் குப்பைத் தொட்டியை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்தது என்று முயலைத் தூக்கப் போன மெக்கானிக்கை, அளவு நாடாவோடு வந்து நின்ற எல்லைப் பிரிவு அதிகாரி கைநீட்டித் தடுத்தார். குனிந்தார், அளந்தார், நிமிர்ந்தார். வரிசை நேராக இருக்கிறது என்றார். எல்லைக்குள் இருப்பவர் முடிவுதான் முடிவு, அதில் துறைக்கு வேறு கருத்து இருக்க முடியாது என்றும் சொன்னார். ஆய்வாளர் உடனே சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். பியூன், நாற்காலியில் யார் என்று பார்க்கும் வழக்கம் என்றைக்குமே இல்லாதவர். மேல்முறையீட்டுக் கோப்பை எடுத்து நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

கோப்பின் அடியில், வழக்கம்போல, ஏற்கலாம் என்று ஒரு வரியும் நிராகரிக்கலாம் என்று கீழே ஒரு வரியும் இருந்தன. இயக்குநர் அதை முகர்ந்தார். ஓரத்தைக் கடித்தார். நிதானமாக மென்று, நிராகரிக்கலாம் என்ற வரி முழுவதையும் விழுங்கினார். பிறகு மிச்சத்தின்மேல் தாடையைத் தேய்த்தார்.

"இதுல கையெழுத்து தெரியலையே, செல்லுமா சார்?" என்று மெக்கானிக் கேட்டுவிட்டார்.

"இதுக்கு முன்னாடி இருந்தவர் போட்டது மட்டும் தெரிஞ்சுதா என்ன?" என்றார் ஆய்வாளர். "ஆனா ஒண்ணு. முழுக் கோப்பையும் படிச்சு ஜீரணிச்சுட்டு முடிவெடுத்த இயக்குநரை நான் இப்பத்தான் பார்க்கறேன்."

பயிற்சிக் கூடத்து வண்டி வெறுமனே திரும்பிப் போனது. அக்கா மேனேஜரையும் பஞ்சுவையும் தூக்கிக் கூடையில் வைத்தாள். ஆய்வாளர் பதறிப்போய், அலுவலக நேரம் முடியவில்லையே, ஐயா எங்கே போகிறார் என்று கேட்டார்.

"ஐயா ஆய்வுக்குப் போறார். வரதுக்கு நாளாகும்னு எழுதிக்குங்க," என்றாள் அக்கா.

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். கீழே மெக்கானிக் லிஃப்டை இறக்கித் திறந்தபோது இரு இயக்குநர்களும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து கடைசி பிஸ்கட்டைப் பாதியாக உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஐயா வெளியே போயிருக்கிறார், வந்தால் கூப்பிடுகிறேன், உட்காருங்கள் என்று பியூன் அவர்களுக்கு வாசலில் ஒரு பெஞ்சைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்தார் மெக்கானிக். மேனேஜர் வெளியே வந்து அவர் கால்சட்டையை முகர்ந்தான். அக்காவின் செருப்பை முகர்ந்தான். ஒரு முழு அலுவலகத்தின் வாசனையும் வீட்டுக்குள் வந்திருந்தது. காதுகள் விறைத்தன. பின்னங்காலால் ஒரு மிதி. பிறகு மஞ்சள் நாடாவையும் பச்சை நாடாவையும் தாண்டிச் சோபாவின்மேல் ஏறினான். ஒரு மழைக்காலம் முழுக்கப் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் மறுபடியும் வீணாய்ப் போனது.

மெக்கானிக் அசையவில்லை. அக்காவையே பார்த்தார். அலுவலகத்தில் பேசினாள், சரி. வீட்டிலும் பேசுவாளா?

அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சோபால போகாத சனியனே," என்றாள். "இவ்வளவு சொல்லிக் குடுத்தும் ஆபீஸ் புத்தி போகலை பாரு. டேய், பார்த்துக்கிட்டு நிக்கறியே, வினிகரை எடுத்துட்டு வா."

மெக்கானிக் வினிகரை எடுக்கச் சமையலறைக்குப் போனார். எடுத்துக்கொண்டு வரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.